கடல் எரியுது

எங்கள் ஊரில் ஆண்கள் கடலுக்குப் போனால் மீனோடு வருவார்கள். பெண்கள் கடலுக்குப் போனால் ஐந்து நிமிடத்தில் கையைக் கழுவிக்கொண்டு திரும்பிவிடுவார்கள். மன்னார்த் தீவில், பேசாலைக்குச் சற்று அப்பால் இருக்கிற சின்ன ஊர் அது. வீடுகளில் கக்கூஸ் இல்லாத காலத்தில் எங்கள் பெண்கள் கரையோரத்துத் தாழம்பற்றைக்குப் பின்னால்தான் ஒதுங்கினார்கள். அதனால் சிறுநீருக்கு எங்கள் பெண்களிடையே 'கடல்' என்றே பெயர். "கடலுக்குப் போட்டு வாறன்" என்பார்கள். சின்னப் பிள்ளைகள் காலை இறுக்கிக்கொண்டு "அம்மா, கடல் வருது" என்று நிற்கும். பிற்காலத்தில் வீட்டுக்கு வீடு கக்கூஸ் வந்தது. சொல் மட்டும் மாறவேயில்லை.

நான் படித்துத் தமிழ் ஆசிரியையாகி, கந்தோரில் வேலை செய்கிற ஒருவரைக் கட்டிக்கொண்டு மன்னார்ப் பட்டினத்தில் குடியேறினேன். அப்பா இறந்தபிறகு அம்மா எங்களோடு வந்து இருந்தார். ஒருநாள் எங்கள் பாடசாலை அதிபரும் மனைவியும் வீட்டுக்கு வந்திருந்தார்கள். விறாந்தையில் கதிரைகளைப் போட்டு, நல்ல கோப்பைகளில் தேநீர் கொடுத்து, நான் இலக்கணமாகப் பேசிக்கொண்டிருந்தேன். அம்மா எங்களைக் கடந்து போகும்போது, "பிள்ளை, நான் கடலுக்குப் போட்டு வாறன்" என்றார்.

அதிபரின் மனைவி பதறிப்போனார். "இந்த வெயிலுக்கை கடலுக்கோ? வயது போன மனிசியைத் தனிய விடுறீங்களே!"

எனக்கு முகத்தை எங்கே வைப்பது என்று தெரியவில்லை. அவர்கள் படியிறங்கியதும் அம்மாவைப் பிடித்துக்கொண்டேன். "அம்மா, இனி அந்தச் சொல்லைச் சொல்லாதேங்கோ. எனக்கு வெக்கமாக் கிடக்கு. பாத்ரூம் எண்டு சொல்லுங்கோ."

"ஓம் பிள்ளை. உனக்குப் பிடிக்காட்டி விடுறன்" என்றார் அம்மா. அதன்பிறகு வெகுகாலம் அவர் வாயிலிருந்து அந்தச் சொல் வரவேயில்லை. 'பாத்ரூம்' அவருக்குச் சரியாக வராது. 'பாதுறும்' என்று, ஒவ்வொரு எழுத்தாகத் தடவித் தடவிச் சொல்வார். பிள்ளைகளின் பிழைகளைச் சிவப்பு மையால் வெட்டிச் சம்பளம் வாங்குகிறவள் நான். இன்னொரு பிழையையும் திருத்திவிட்டேன் என்றுதான் நினைத்தேன்.

மறதி அவருக்கு மெதுவாக வந்தது. கறிக்கு இரண்டு தரம் உப்புப் போடுவார். என் மகளை என் பெயர் சொல்லிக் கூப்பிடுவார். செபமாலை சொல்லத் தொடங்கினால் ஒரே பத்து மணிகளில் சுற்றிச் சுற்றி நிற்பார், அடுத்ததற்குப் போகமாட்டார். வெற்றிலை போடும்போது பல் முரசிலிருந்து இரத்தம் கசிகிறது என்று அடிக்கடி சொல்வார், சேலைத் தலைப்பால் வாயைத் துடைத்துக்கொள்வார். தலைப்பில் இருந்த சிவப்பு வெற்றிலையா இரத்தமா என்று நான் ஒருநாளும் விரித்துப் பார்த்ததில்லை. ஆனாலும் அவருக்கு எங்களைத் தெரிந்தது. நான் பாடசாலையால் வரப் பிந்தினால் வாசலில் வந்து நிற்பார். அது எனக்குப் போதுமாக இருந்தது.

பிறகு சண்டை மறுபடி மூண்டது. என் கணவர் கந்தோரை விட்டு அசைய முடியாமல் பட்டினத்திலேயே தங்கிவிட்டார். நான் அம்மாவையும் ஏழு வயது மகளையும் கூட்டிக்கொண்டு, கிடைத்த உழவு இயந்திரப் பெட்டியில் ஏறிப் பெருநிலத்தில் இருக்கிற மடு மாதா கோயிலுக்குப் போனேன். அங்கே கோயிலைச் சுற்றிக் காட்டுக்குள் ஆயிரக்கணக்கான சனம். எங்களுக்குக் கிடைத்தது நாலு தடியும் ஒரு தறப்பாளும். மாதா இருக்கிற இடத்தில் செல் குண்டு விழாது என்ற நம்பிக்கையில் எல்லோரும் அங்கே கிடந்தோம்.

அவ்வளவு சனத்துக்கு எத்தனை கக்கூஸ் கட்டினாலும் காணாது. எங்கள் கொட்டிலிலிருந்து அவை தூரம், போனால் வரிசை. பொழுது பட்டால் பாம்புப் பயம். மடு மண் பாம்பு விஷத்துக்குக் கைகண்ட மருந்து என்று எல்லோரும் ஒவ்வொரு பொட்டலம் முடிந்து வைத்திருந்தோம். இருந்தும் இருட்டிய பிறகு அந்தப் பக்கம் காலெடுத்து வைக்க ஒருத்திக்கும் துணிவு வரவில்லை. அதனால் பெண்கள் எல்லோரும் பேசிவைத்ததுபோல ஒன்றைச் செய்தோம். மத்தியானத்துக்குப் பிறகு தண்ணீர் குடிப்பதை விட்டோம்.

நான் விட்டதோடு நிற்கவில்லை, அம்மாவையும் விடவைத்தேன். அவரை அந்த வரிசைக்குக் கூட்டிப்போய் வருவது பெரிய பாடு. பாதி வழியில் ஏன் வந்தோம் என்பதை மறந்து திரும்பி நடப்பார். அதனால் காலையில் ஒரு பேணி தண்ணீர், மத்தியானம் அரைப் பேணி, அதற்கு மேல் இல்லை என்று சட்டம் போட்டேன். "பிள்ளை, விடாய்க்குது" என்று கேட்பார். "பிறகு தாறன் அம்மா" என்பேன். கொஞ்ச நேரத்தில் கேட்டதை மறந்துவிடுவார். சொல்லக் கூசுகிறது, ஆனாலும் சொல்கிறேன். அவருடைய மறதி எனக்கு அப்போது வசதியாக இருந்தது.

நாலாவது கிழமை அம்மா மாறிப்போனார். மெதுவாக இல்லை, இரண்டே நாளில். முதல் நாள் பகல் முழுவதும் தூங்கி வழிந்தார். மறுநாள் எழும்பியபோது என்னை அவருக்குத் தெரியவில்லை. காற்றில் எதையோ பிடித்துப் பிடித்து மடியில் போட்டார். செத்துப்போன அப்பாவோடு சண்டை பிடித்தார். மகள் கிட்டப் போனால் "ஆற்றை பிள்ளை இது?" என்று தள்ளிவிட்டார். அன்று பின்னேரம் தலையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு சொன்னார்:

"கடல் எரியுது. ஐயோ மாதாவே, கடல் எரியுது."

எனக்கு உடம்பு சிலிர்த்தது. எங்கள் கரையில் வள்ளங்கள் எரிந்தன என்று அந்தக் கிழமைதான் ஒருவர் செய்தி கொண்டுவந்திருந்தார். அதைக் கேட்டதிலிருந்து அம்மாவின் புத்தி கலங்கிவிட்டது என்று முடிவு கட்டினேன். அதோடு நிற்காமல், தமிழ் ஆசிரியை அல்லவா, மகளின் அப்பியாசக் கொப்பியை வாங்கிக் கடைசிப் பக்கத்தில் அந்த வரியை எழுதியும் வைத்தேன். இரண்டே சொல்லில் எத்தனை பெரிய துயரம் என்று வியந்தேன். பக்கத்துக் கொட்டில்காரிகளுக்குச் சொன்னேன், அவர்கள் மூக்கைச் சிந்தினார்கள். பின்னேரச் செபம் சொல்ல வருகிற பெரியவர், "எரியும் கடலுக்காக வேண்டுவோம்" என்று அதை மன்றாட்டிலேயே சேர்த்துவிட்டார்.

இதைப் படிக்கிற உங்களுக்கு இதற்குள் விளங்கியிருக்கும். எனக்கு விளங்கவில்லை.

அடுத்த நாள் காலை அம்மா என் கையைப் பிடித்து இழுத்துப் பக்கத்தில் இருத்தினார். யாரும் கேட்கிறார்களா என்று நாலு பக்கமும் பார்த்தார். பிறகு என் காதுக்குள் சொன்னார். "நீ ஆற்றை பிள்ளையோ தெரியாது, நல்ல பிள்ளை மாதிரிக் கிடக்கு. என்ர மகளுக்குச் சொல்லிப்போடாதை. அவளுக்குக் கோவம் வரும். கடல் எரியுது."

"நான்தான் அம்மா உங்கட மகள்" என்றேன். அவர் என்னை மேலும் கீழும் பார்த்து, நம்பாமல் முகத்தைத் திருப்பிக்கொண்டார். வள்ளம் எரிந்த கதை கேட்டால் நான் ஏன் கோபிக்கப்போகிறேன்? புத்தி பேதலித்தவர்களின் பேச்சுக்குக் காரணம் தேடக்கூடாது என்று கண்ணைத் துடைத்துக்கொண்டு எழும்பினேன்.

அன்று மத்தியானம் மகள் அவருக்குச் சோறு தீத்தப் போனாள். அம்மா கையை ஓங்கி அடித்தார். பிள்ளை அடுப்புக் கல்லில் விழுந்து புருவத்துக்கு மேலே வெடித்து இரத்தம் கொட்டியது. நான் சேலையைக் கிழித்துக் கட்டினேன். பிள்ளை அழக்கூட இல்லை, அம்மம்மாவையே பார்த்துக்கொண்டிருந்தாள். அந்தப் பார்வையை என்னால் தாங்கமுடியவில்லை.

சரியாக அந்த நேரத்தில் கணவரிடமிருந்து கடிதம் வந்தது. பாதை கொஞ்ச நாளைக்குத் திறக்கிறார்களாம், வருகிறவர்கள் உடனே வரலாமாம். சோதனைச் சாவடியில் கத்திக்கொண்டு கையை ஓங்குகிற ஒரு மனுசியோடு எப்படி வரிசையில் நிற்பது? ஆமிக்காரன் ஒன்றைக் கேட்க இவர் ஒன்றைச் சொல்லி, ஏதாவது நடந்துவிட்டால்? அங்கே சேவை செய்த கன்னியாஸ்திரி ஒருவர் என் நிலையைப் பார்த்துவிட்டு, வவுனியாப் பக்கத்தில் முதியோரைப் பராமரிக்கிற இடம் ஒன்று இருக்கிறது, நாளை மறுநாள் காலை ஒரு வான் வண்டி போகிறது, அம்மாவை அனுப்பலாம் என்றார். நான் ஓம் என்றேன். போனால் மறுபடி எப்போது காண்பேன் என்று அந்த நாட்களில் யாரும் சொல்லமுடியாது. அம்மாவின் இரண்டு சேலை, செபமாலை, சீப்பு, வெற்றிலைப் பெட்டி எல்லாவற்றையும் ஒரு துணிப்பையில் அடுக்கினேன். அம்மா எப்போதோ போய்விட்டார், இது அவருடைய உடம்பு மட்டும்தான் என்று எனக்கு நானே திருப்பித் திருப்பிச் சொல்லிக்கொண்டேன்.

நான் பை கட்டுவதை எதிர்க் கொட்டிலிலிருந்து ஒரு பெண் பார்த்துக்கொண்டிருந்தாள். வெள்ளாங்குளம் பக்கத்திலிருந்து வந்தவள். மலைநாட்டுத் தேயிலைத் தோட்டத்தில் பிறந்து, அங்கே அடித்து விரட்டப்பட்டுக் குடும்பத்தோடு வன்னிக்கு வந்து, வயலில் கூலி வேலை செய்து நாலு பிள்ளைகளை வளர்த்தவள். அவள் வாழ்க்கையில் கடலைக் கண்டதே இரண்டு மூன்று தரம்தானாம்.

"டீச்சர், அம்மா என்னா சொல்லிக்கிட்டே இருக்காங்க?" என்று கேட்டாள்.

நான் சொன்னேன். எரிந்த வள்ளங்கள், அழிந்த கரை, கடலே பற்றி எரிவதாக அம்மாவின் மனம் காண்கிற காட்சி என்று வகுப்பில் பொழிப்புரை சொல்வது மாதிரி விளக்கினேன். அவள் பொறுமையாகக் கேட்டாள்.

"எனக்கு அதெல்லாம் புரியல டீச்சர். எரியுது எரியுதுங்கிறாங்களே, எங்க எரியுதுன்னு கேட்டீங்களா?"

எனக்கு எரிச்சல்தான் வந்தது. கடல் எரிகிறது என்றால் கடலில்தானே எரியும், இதிலென்ன கேள்வி என்று நினைத்தேன். அவள் என் பதிலுக்குக் காத்திருக்கவில்லை. அம்மாவுக்கு முன்னால் மண்ணில் சப்பாணி கட்டி உட்கார்ந்து, இரண்டு கையையும் பிடித்துக்கொண்டாள். வயிற்று வலியில் அழுகிற பிள்ளையிடம் கேட்பது போலக் கேட்டாள்.

"ஆத்தா, எங்க எரியுது? காட்டுங்க பாப்போம்."

அம்மா அவளை வெகுநேரம் பார்த்தார். பிறகு ஒரு கையை மெல்ல விடுவித்துக்கொண்டு அடிவயிற்றில் வைத்தார். வைத்துவிட்டு வெட்கப்பட்டுத் தலையைக் குனிந்தார்.

"கடலுக்குப் போகேக்கை" என்றார்.

என் தாய் இரண்டு நாளாக, எனக்குத் தெரிந்த மொழியில், நானும் சிறுவயதில் பேசிய மொழியில், தனக்கு எங்கே நோகிறது என்று சொல்லிக்கொண்டிருந்திருக்கிறார். நான் அதைக் கொப்பியில் எழுதி அழகு பார்த்திருக்கிறேன்.

கோயில் வளவில் ஓலைக் கொட்டில் ஒன்றில் வயதான டொக்டர் ஒருவர் மருந்து கொடுத்துக்கொண்டிருந்தார். அம்மாவின் சிறுநீரை ஒரு கண்ணாடிப் போத்தலில் கொண்டுபோனோம். அவர் அதை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார், மணந்து பார்த்தார். அரிசி கழுவிய தண்ணீராகக் கலங்கி இருந்தது.

"சலத்திலை கிருமி" என்றார். "இளம் ஆக்களுக்கெண்டால் எரிவும் காய்ச்சலும் வரும். வயது போன ஆக்களுக்கு அது மூளையைப் போட்டுக் குழப்பும். அதுகும் முந்தியே மறதி இருந்தால் சொல்லத் தேவையில்லை. அம்மா தண்ணி குடிக்கிறவவோ?"

பக்கத்தில் நின்ற வெள்ளாங்குளத்துப் பெண்தான், "இனிமே குடிப்பாங்க டாக்டரய்யா" என்று எனக்காகப் பதில் சொன்னாள். அந்த இரக்கத்தை நான் இன்றுவரை மறக்கவில்லை.

மருந்து கிடைப்பதே அரிதான காலம். அவர் எங்கேயோ பத்திரப்படுத்தி வைத்திருந்த குளிசைகளை எடுத்து ஒரு தாளில் சுற்றித் தந்தார். "மறதி போகாது. அதுக்கு என்னட்டை மருந்தில்லை. ஆனால் இந்தக் குழப்பம் தெளியக்கூடும். அஞ்சு நாள் பாப்பம்."

"நாளையிண்டைக்கு வான் போகுது ஐயா. அம்மாவை அனுப்பப்போறன்" என்றேன்.

அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். "அஞ்சு நாள் பொறுக்கேலாதோ, பிள்ளை?"

பொறுத்தேன். பாதை மூடினாலும் மூடட்டும் என்று வானைப் போகவிட்டேன். அந்தப் பெண் தன்னிடமிருந்த ஒரு பழைய வாளியைத் தந்தாள். கொட்டிலின் மூலையில் சேலையை மறைப்பாகக் கட்டி, அதன் பின்னால் வாளியை வைத்தோம். காட்டுக்குப் போகவும் வேண்டாம், வரிசையில் நிற்கவும் வேண்டாம், பாம்புக்குப் பயப்படவும் வேண்டாம். ஒரு வாளிதான் தேவைப்பட்டிருக்கிறது. படித்த எனக்கு அது தோன்றவில்லை.

மணிக்கொரு தரம் தண்ணீர் பருக்கினேன். துப்பினார், திட்டினார், பேணியைத் தட்டிவிட்டார். மறுபடி நிறைத்துக்கொண்டு வந்தேன். "அம்மா, கடலுக்குப் போவமோ?" என்று கேட்டேன். எத்தனையோ வருடத்துக்குப் பிறகு அந்தச் சொல்லை என் வாயால் சொல்கிறேன். அதைக் கேட்டதும் மறுபேச்சில்லாமல் எழும்பி வந்தார்.

மூன்றாம் நாள் நிம்மதியாகத் தூங்கினார். நாலாம் நாள் காலை நான் அடுப்பை ஊதிக்கொண்டிருந்தபோது பின்னாலிருந்து குரல் கேட்டது.

"பிள்ளை, நீ ஏன் இப்பிடி மெலிஞ்சுபோனாய்? சாப்பிடுறேல்லையோ?"

நான் ஊதுகுழலைப் போட்டுவிட்டு அவர் மடியில் முகத்தை வைத்து வாய்விட்டு அழுதேன். ஏன் அழுகிறேன் என்று அவருக்கு விளங்கவில்லை, என் தலையைத் தடவிக்கொண்டே இருந்தார். பிறகு மகளின் புருவத்துக் கட்டைக் கண்டார்.

"ஐயோ, ஆர் அடிச்சது என்ர குஞ்சுக்கு?"

"விழுந்திட்டன் அம்மம்மா" என்றாள் என் மகள். ஏழு வயதில் அவளுக்கிருந்த புத்தி எனக்கு இருக்கவில்லை.

அன்று பின்னேரம் அம்மாவிடம் கேட்டேன். கேட்டிருக்கக்கூடாதோ என்னவோ, ஆனால் கேட்டேன். "எரியுது எண்டு முதலிலேயே எனக்கு விளங்கச் சொல்லியிருக்கலாமே அம்மா?"

அம்மா யோசித்தார். நடந்ததில் எவ்வளவு அவர் நினைவில் இருந்ததோ தெரியாது.

"அந்த மற்றச் சொல்லு வாயிலை வரேல்லைப் பிள்ளை" என்றார். "எங்கட சொல்லு உனக்குப் பிடிக்காது."

நான் அவருக்குத் தண்ணீர் வார்த்தேன்.

துணிப்பையை அவிழ்த்துச் சேலைகளைத் திரும்பக் கொடியில் போட்டேன். பாதை அதற்குள் மூடிவிட்டது, மறுபடி திறக்கும்வரை மடுவிலேயே கிடந்தோம். பிறகு பட்டினத்துக்கு அம்மாவோடுதான் திரும்பினேன். சாவடியில் அவர் பேசாமல் என் கையைப் பிடித்துக்கொண்டு நின்றார். அதன்பின் ஆறு வருடம் இருந்தார். டொக்டர் சொன்னபடியே மறதி போகவில்லை, ஒவ்வொன்றாகக் கொண்டுபோனது. செபம் போனது, என் மகளின் பெயர் போனது, கடைசியில் நானும் போனேன். ஆனால் திடீரென்று கத்தத் தொடங்கினால் நான் முதலில் பார்ப்பது சிறுநீரைத்தான். மூன்று தரம் கிருமி வந்தது. மூன்று தரமும் மருந்து எடுத்து, இருந்த கொஞ்ச அம்மாவைத் திரும்பக் கொண்டுவந்தேன்.

என் மகள் இப்போது வெளிநாட்டில் முதியோர் இல்லம் ஒன்றில் தாதியாக இருக்கிறாள். மறதிக்காரர் ஒருவர் திடீரென்று குழம்பினால் அங்கேயும் கிருமி இருக்கிறதா என்று சிறுநீரைத்தான் முதலில் பார்ப்பார்களாம். அதைக் கேட்டுச் சிரித்தேன். அண்மையில் இன்னொன்றும் சொன்னாள். முரசில் இருக்கிற கிருமிகளும் குடலில் இருக்கிற கிருமிகளும் மறதி நோய்க்கே ஒரு காரணமாக இருக்கலாமோ என்று ஆராய்கிறார்களாம். எனக்கு உடனே அம்மாவின் சேலைத் தலைப்பும் அதிலிருந்த சிவப்பும் ஞாபகம் வந்தது.

"அப்ப அம்மம்மாவுக்கு முரசாலைதான் எல்லாம் வந்ததோ?" என்று கேட்டேன்.

"தெரியாதம்மா. இன்னும் ஒருத்தருக்கும் சரியாத் தெரியாது" என்றாள். தெரியாததைத் தெரியாது என்று சொல்ல அவள் எங்கே படித்தாளோ, என்னிடம் இல்லை. நான் இப்போது இரண்டு வேளையும் பல்லைத் தேய்க்கிறேன், தண்ணீரும் குடிக்கிறேன். அதற்கு மேல் என் கையில் எதுவும் இல்லை.

போன மாதம் அலுமாரியைத் திறந்துவிட்டு எதற்குத் திறந்தேன் என்று தெரியாமல் நின்றேன். இது ஒன்றும் முதல் தடவை இல்லை. மகளிடம் அதைச் சொன்னேன். அவள் என்னைத் தன்னிடம் வந்துவிடச் சொல்கிறாள். வரலாம், ஆனால் ஒரு பயம் இருக்கிறது என்றேன்.

"எனக்கும் மறதி முத்தினால் முதலிலை இங்கிலிஷ் போகும். பிறகு பாத்ரூம் போகும். கடைசியா மிஞ்சப்போறது அந்த ஒரு சொல்லுத்தான். அங்கை ஆருக்கு அது விளங்கும்?"

தொலைபேசித் திரையில் அவள் புருவத்துக்கு மேலே அந்தத் தழும்பு தெரிந்தது.

"எனக்கு விளங்கும் அம்மா" என்றாள். "நானும் அண்டைக்கு அங்கைதானே இருந்தனான்."